உடன்பிறந்தவர்களுக்கான தாள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம், மாமா நலம், அம்மா எங்கள் இரண்டு பேரையும் விட நலம். உன் மனைவி எப்படி இருக்கிறாள்? உன்னை நலம் விசாரிப்பதில் அர்த்தமில்லை. நீச்சல் குளத்து ஓரம் நின்று விசில் ஊதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது.

போனில் சொல்லியிருக்கலாம். இங்கே கடையில் நாலு சலவை இயந்திரம், அங்கே உன் குளத்து எதிரொலி. இரண்டு பேரும் கத்திக் கத்தி, மூன்றாம் நிமிடம் நிஜமாகவே சண்டை வந்துவிடுகிறது. நமக்குக் காகிதம்தான் சரி.

விஷயம் என்னவென்றால், எனக்கு ஒரு நோய் வருவதற்கு முன்பே போய்விட்டது. ஐம்பது தாண்டியவர்களுக்கெல்லாம் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் என்ன வைத்து அனுப்ப வேண்டும் என்பதை உன் ஊகத்துக்கு விடுகிறேன். காலைக்கடன் என்று நாசூக்காகச் சொல்லலாம். மாமா, "இதையெல்லாமா தபால்ல அனுப்புவாங்க?" என்று இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. நான் இத்தனை வருஷம் அனுப்பிய தபால்களில் உடனே பதில் வந்தது அதற்கு மட்டும்தான். அதில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதாம், பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

முந்தின நாள் ஒரு மருந்து குடிக்கச் சொன்னார்கள். தம்பி, உன் அக்காவின் பருமன் உனக்குத் தெரியும். அந்த உடம்பு அன்று சாயங்காலம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் உன் குளத்தில் போட்டிக்குச் சேர்த்திருப்பாய். மறுநாள் பார்த்தார்கள். காளான் மாதிரி காம்பு வைத்து இரண்டு வளர்ந்திருந்தன. ஒன்று சற்றுப் பெரியது. அப்படியே அறுத்து எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் சில வருஷத்தில் புற்றாகியிருக்குமாம். இனி பயமில்லை, மூன்று வருஷம் கழித்து வந்தால் போதும் என்றாள் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. "வயிற்றெரிச்சல் உண்டா?" என்று கேட்டாள். தம்பி விஷயத்தில் மட்டும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "தம்பிகிட்டச் சொல்லிடாத. அவன் பயந்துடுவான்." காளான் என் குடலில். பயப்படப் போவது நீ!

டாக்டர் இன்னும் ஏதேதோ சொன்னாள், ஒரு படம்கூடப் போட்டுக் காட்டினாள். அதெல்லாம் உனக்கு எதற்கு.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை நீ எனக்கு எழுது.

அக்கா


ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குளத்து ஓரம் உட்கார்ந்து படித்தேன். சிரித்த சிரிப்பில் தண்ணீரில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவேளை, அறுத்து எடுத்துவிட்டார்கள். நிஜமாகவே சந்தோஷம். கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன்: அக்கா, உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்கே இருவரும் நலம். நாற்பது வயது தாண்டியவர்களுக்கான நீச்சல் போட்டியில் எனக்கு இரண்டாவது இடம். மெடலை அம்மாவுக்கு இதோடு அனுப்பியிருக்கிறேன். போன வருஷம் முதலிடம். இந்த வருஷம் கடைசிச் சுற்றில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. நாற்பத்து மூன்று வயதாகிறதே. ஆனாலும் பரிசோதித்த மருத்துவர், "உங்க இதயம் இருபத்தஞ்சு வயசுக்காரன் இதயம் சார்" என்றார். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

தொழில் சம்பந்தமாக ஒரு சந்தேகம். என் வெளிர்நிறக் கால்சட்டையில் ரத்தக்கறை பட்டுவிட்டது. குளத்தில் ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்து, தூக்கிவிடப் போனபோது பட்டது. எப்படிப் போக்குவது?

மாமாவுக்கு என் அன்பு. அம்மாவுக்கு முத்தம்.

தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா? மெடல் வந்து சேர்ந்தது. வந்ததிலிருந்து அம்மா அதைக் கழுத்தில் போடாததுதான் பாக்கி. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "என் பையன், ரெண்டாவது எடம், ஆனா முதல் எடத்துக்காரன் இவனவிட ரெண்டு வயசு சின்னவன்" என்கிறாள். இந்தத் தகவல் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. எதிர்க்கடைப் பூட்டுக்காரர் மனைவியிடம் மட்டும் ஐந்து தடவை. அந்த அம்மாள் இப்போது என் கடைக்குத் துணியைத் தன் கணவரிடம் கொடுத்தனுப்புகிறாள்.

நான் ஒன்பதாம் வகுப்பில் முதல் இடம் வாங்கிக்கொண்டு ஓடி வந்த அன்றுதான் உனக்கு முதல் பல் முளைத்தது. வீட்டில் எதைக் கொண்டாடினார்கள் என்று நினைக்கிறாய்? அந்த மதிப்பெண் அட்டையை நீதான் பல் வைத்துக் கடித்தாய். பல்லின் தரத்தைப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். இந்த நாற்பத்திரண்டு வருஷத்துக் கதையை நான் இன்னும் மறக்கவில்லை என்பது எவ்வளவு கேவலம் என்று எனக்கும் தெரியும். மறக்க முடிந்தால் மறக்க மாட்டேனா?

ரத்தக்கறைக்குக் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் மட்டும் படவே கூடாது, கறை நிரந்தரமாகிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, உள்பக்கமிருந்து சோப்புப் போட்டுத் தேய்.

ஒன்று கேட்க வேண்டும். கறை முன்பக்கமா, பின்பக்கமா? துவைக்கும் முறை கொஞ்சம் மாறும், அதனால் கேட்கிறேன்.

பதில் போடு.

அக்கா


மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

பின்பக்கம்.

துவைக்கும் முறை மாறாது என்று எனக்கும் தெரியும் அக்கா. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான் கேட்பாய். மூக்குக் கதை பொய். நாலைந்து மாதமாகவே அவ்வப்போது ரத்தம் போகிறது. குளத்துக்கு வரும் மருத்துவரிடம் சொன்னேன். "உங்க வயசுல என்ன சார், மூலமாத்தான் இருக்கும். நாள் முழுக்க நிக்கிறீங்க" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். தடவுகிறேன். களிம்பு தீர்கிறது, அது தீரவில்லை. சாயங்காலமானால் ஒரே அசதி. காலை ஐந்து மணி வகுப்பு இருக்கிறதே, அதனாலாக இருக்கும்.

அம்மாவிடம் சொல்லாதே. என் வீட்டுக்காரிக்கும் பாதிதான் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. உனக்கு அந்தக் காளான்களை எடுத்தபோது, குடும்பத்தில் மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உன் டாக்டர் ஏதாவது சொன்னாரா? சொன்னார் என்றால் போய் நிற்கிறேன். இல்லையென்றால் சும்மா எதற்கு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்

தம்பி


மார்ச் 9
(எழுதியது. தபால் பெட்டியில் போடவில்லை.)

தம்பி,

சொன்னாள். தெளிவாகச் சொன்னாள்.

"ரெண்டுல ஒண்ணு பெருசும்மா. இந்த மாதிரி இருந்தா உங்ககூடப் பொறந்தவங்களும் பாக்கணும். நாப்பது வயசாயிருந்தா இப்பவே. யாராவது இருக்காங்களா?"

"ஒரு தம்பி. நாப்பத்து மூணு. ஆனா அவனுக்கெல்லாம் வராதுங்க. எலும்பும் தசையுமா இருப்பான். நீச்சல் வாத்தியார்."

"அப்படி நம்ப முடியாதும்மா" என்று ஒரு தாளில் இரண்டு கோடு போட்டாள். ஒன்று மேலேயிருந்து சரிந்து வருவது. "இது உங்க வயசுக்காரங்களுக்கு வர்ற குடல் புற்று. இன்னைக்கும் எண்ணிக்கையில நீங்கதான் அதிகம். ஆனா பரிசோதனைக்கு வர வர, முன்னாடியே கண்டுபிடிச்சு எடுத்துடறோம், அதனால வருஷா வருஷம் இறங்குது." இன்னொன்று கீழேயிருந்து ஏறுவது. "இது அம்பதுக்குக் கீழ. பல நாட்டுல ஏறிக்கிட்டே இருக்கு. சாப்பாடு, எடைன்னு பல காரணம் சொல்றாங்க, முழுசா யாருக்கும் தெரியல. ஒல்லியா ஓடியாடி இருக்கறவங்களும் வர்றாங்க. மூலம்னு நெனச்சு விட்டுட்டு, முத்தினப்புறம்தான் வர்றாங்க."

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதினால் நீ என்னை அக்கா என்று கூப்பிட மாட்டாய். பரவாயில்லை, எழுதுகிறேன். பார்த்தாயா, இதிலும் அவன்தான் மேலே போகிறான், நான் இறங்குகிறேன் என்று தோன்றியது.

'உடன்பிறந்தவர்களுக்கு' என்று மேலே அச்சடித்த ஒரு தாளை என் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உனக்குக் கொடுக்கச் சொல்லித்தான். கல்லாப்பெட்டிக்குக் கீழே, யாரும் வாங்க வராத துணிகளின் ரசீதுகளோடு இரண்டு மாதமாகக் கிடக்கிறது. அனுப்பியிருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் ஒரு காளான் கண்டுபிடிப்பார்கள். என்னுடையதைவிடப் பெரியதாக இருக்கும். அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் ஊருக்கு வந்துவிடுவாள். என் வாழ்க்கையில் எனக்கென்று வந்த ஒரே பெரிய விஷயம், ஒரு வாரம்கூட என்னுடையதாக இருக்காது. நோயில்கூடவா பங்கு என்று நினைத்தேன் தம்பி. இந்தப் புத்திக்கு எந்தக் கேமரா விட்டுப் பார்ப்பது?

தாளை இதோடு வைக்கிறேன். நாளைக்கே போ.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நேற்று முக்கியமான சம்பவம். கடையில் தேய்ப்பு மேசைக்கு மேலே ஒரே ஓர் ஆணி இருக்கிறது, நினைவிருக்கிறதா? அதில் நகரச் சலவையாளர் சங்கம் எனக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் பதினோரு வருஷமாகத் தொங்கியது. நான் மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அம்மா நாற்காலி போட்டு ஏறி, அதைக் கழற்றிவிட்டு உன் மெடலை மாட்டியிருக்கிறாள். எழுபத்தெட்டு வயது. நாற்காலியில். "ஏம்மா, எம் பத்திரம் எங்க?" என்றேன். "அது காகிதம்தானே, ஆவி பட்டுப் பட்டுச் சுருண்டு போச்சு. இது தங்கமாட்டம் மின்னுது பாரு" என்கிறாள். வெள்ளி முலாம் என்று சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நீ கேட்டதற்கு: டாக்டர் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இதெல்லாம் ஐம்பதுக்கு மேலே போனவர்கள் சமாசாரம். உனக்கு மூலம்தான். கீரை சாப்பிடு, நிறையத் தண்ணீர் குடி, நின்றுகொண்டே இருக்காதே. இருபத்தைந்து வயது இதயத்துக்கு ஒன்றும் ஆகாது.

அக்கா


மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அத்தையும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. உங்கள் தம்பிக்குத் தெரியாமல், நான் வேலை பார்க்கும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் ஏழு கிலோ இளைத்துவிட்டார். குளத்துக்கு வருகிறவர்கள், "எப்படி சார் இப்படி வயித்த ஒட்டவச்சீங்க, ரகசியத்தச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். அவரும் பதிலுக்குச் சிரிக்கிறார். போன வாரம் விசில் ஊதிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரத்தம் பாதிதான் இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

பெரிய மருத்துவமனைக்குச் சண்டை போட்டு இழுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உடன்பிறந்தவர் யாருக்காவது குடலில் கட்டியோ வளர்ச்சியோ இருந்து, உறவினரும் பரிசோதிக்குமாறு மருத்துவர் கூறினாரா?' என்று ஒரு கேள்வி. இவர், "அக்காவுக்கு இருந்துச்சு, ஆனா அக்கா எழுதிட்டாங்களே, டாக்டர் ஒண்ணும் சொல்லலன்னு" என்று 'இல்லை' என்பதில் குறி போட்டார். வரிசை நீளமாம். ஐம்பதுக்குக் கீழே, குடும்பத்திலும் இல்லை என்றால் கேமராப் பரிசோதனைக்குச் செப்டம்பரில்தான் இடம் என்றார்கள். "நாலு மாசமா?" என்றேன். "உங்களவிட வயசானவங்க நெறையப் பேர் காத்திருக்காங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.

அண்ணி, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் டாக்டர் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? ஏதாவது எழுதிக் கொடுத்திருப்பாரா? ஒரு துண்டுக் காகிதம் போதும்.

தங்கள் தம்பி மனைவி


மே 18

தம்பி,

காலையில் உன் மனைவியின் கடிதம் வந்தது. உடனே போன் செய்தேன். நீதான் எடுத்தாய். "அம்மா நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இயந்திரச் சத்தத்தால்தான் என்று நீ நினைத்திருப்பாய். இயந்திரம் எதுவும் ஓடவில்லை.

இத்துடன் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று, டாக்டர் உனக்கென்று ஜனவரியில் கொடுத்தது. தேதியைப் பார். மற்றது, மார்ச்சில் நான் உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம். அதில் எல்லாம் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அதை எழுதிய மறுநாள் ஆணியில் உன் மெடலைப் பார்த்தேன். அவ்வளவுதான் காரணம். ஓர் ஆணி.

என் டாக்டரிடம் பேசிவிட்டேன். அந்தத் தாளைக் காட்டினால் வரிசை வேறு என்றாள். ரத்தமும் போகிறது, எடையும் குறைகிறது என்றால் வயது என்ன வேண்டிக்கிடக்கிறது, செப்டம்பர் என்று யார் சொன்னது என்று என்னையே திட்டினாள். சரியான ஆளைத்தான் திட்டினாள்.

கூரியர் கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நாளைக் காலை உன் கையில் இருக்கும். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட உட்காராதே. முதலில் போ.

அக்கா


ஜூன் 24

அண்ணிக்கு,

நீங்கள் மூன்று கடிதம் எழுதிவிட்டீர்கள். அவர் பதில் போடவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

தாளைக் காட்டியதும் ஆறாம் நாள் இடம் கொடுத்தார்கள். குடலின் இடதுபக்க வளைவில் இருந்தது. காளான் இல்லை, அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. பதினேழாம் தேதி அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி முழுவதும் எடுத்துவிட்டார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களில் மூன்றில் பரவியிருந்ததால் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள். உறுதி என்று சொல்லவில்லை.

ஜனவரியிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். "அஞ்சு மாசம் என்ன பண்ணிச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஒண்ணும் பண்ணாமலும் இருந்திருக்கலாம்" என்றார் மருத்துவர். அதைத்தான் நான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தைக்குத் தோள்பட்டையில் சுளுக்கு என்று சொல்லியிருக்கிறோம். அப்படியே இருக்கட்டும் என்றார் அவர்.

இதற்கு மேல் எழுதினால் மரியாதை தவறிவிடும்.

அவ்வளவுதான்.


ஜூலை 30

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய். உன்னைப் பொறுத்தவரை கோடு இறங்குகிறதே.

இப்படி ஒரு வரி எழுதுவதற்காகவே இரண்டு மாதம் காத்திருந்தேன். எழுதியபின் நினைத்த அளவு ருசிக்கவில்லை.

உன் மார்ச் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. முதலில் கிழிக்கப் போனேன். பிறகு சிரிப்பு வந்தது, பிறகு மறுபடி கிழிக்கப் போனேன். நான் பல் முளைத்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா அக்கா? அப்போது எனக்கு ஆறு மாதம்.

உன்மேல் எனக்கும் ஒரு பொறாமை உண்டு என்று சொன்னால் நம்புவாயா? பெட்டி வந்தது, அனுப்பினாய், கூப்பிட்டார்கள், போனாய். அவ்வளவுதான். நான் நாலைந்து மாதம் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, மெடல் வாங்குகிறவனுக்கு இதெல்லாம் வருமா என்று கால்சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. போகாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டதே. இதனால் உன் தப்பு குறையவில்லை. கணக்குச் சேர்க்காதே.

முதல் வியாழன் முடிந்தது. விரல் நுனி மரத்துப்போகிறது. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது. ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி என் வீட்டுக்காரிக்கு விடுப்புக் கிடையாது. நீ வந்து கூட இரு. மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. கூட ஓர் ஆள் வேண்டும் என்று மருத்துவமனையில் விதி இருக்கிறது.

திரும்பிப் போனதும் அம்மாவிடம் சொல்லிவிடு. சுளுக்கு இல்லை என்பதை மட்டுமில்லை, தாள் விஷயத்தையும். நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. மருந்து ஏற்றி ஒரு வாரமாகிவிட்டது. விரல் எப்படி இருக்கிறது? ஏதாவது சாப்பிட முடிகிறதா?

அன்று நீ பாதி நேரம் தூங்கிவிட்டாய். உனக்குத் தெரியாமல் நடந்ததைச் சொல்கிறேன். நீ ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது நான் மருந்து ஏற்றும் கூடத்தில் தனியாக நின்றேன். ஒரு செவிலிப் பெண் வேகமாக வந்து, "அம்மா, ஏன் நிக்கிறீங்க, வாங்க" என்று என்னை ஏழாம் நம்பர் நாற்காலியில் சாய்த்துவிட்டாள். காலுக்கு அணைகூடக் கொடுத்தாள். சட்டைக் கையை மடிக்கப் போகும்போதுதான், "நானில்லம்மா, என் தம்பி" என்றேன். அவளுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "ஸாரிம்மா, உங்க வயசப் பாத்து..." என்றாள். சுற்றிப் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு முப்பது கூட இருக்காது, குழந்தை படத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேருந்து நடத்துநர் சீருடையில் ஒருவன், முப்பத்தைந்து இருக்கலாம். அவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலும் பையும் பிடித்துக்கொண்டு முக்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் என் வயது, மாமா வயது.

நீ வந்ததும் இறங்கி அந்த நாற்காலியை உனக்குக் கொடுத்தேன். எனக்கு இறங்க மனசே இல்லை. உனக்குக் கிடைத்ததெல்லாம் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வயிறு எரிந்தவள் நான். அந்த ஏழாம் நம்பர் நாற்காலிக்குப் பட்ட பொறாமை மாதிரி வேறெதற்கும் பட்டதில்லை. இதை அழகாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு காகிதம் கிழித்தேன். வரவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். முதலில் நோய். அம்மா அழுவாள் என்று துண்டோடு உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. "எனக்கு அப்பவே தெரியும், சுளுக்குக்கு யாராவது ரெண்டு மாசம் குரல் கம்மிப் பேசுவாங்களா" என்றாள். பிறகு தாள் விஷயம் சொன்னேன். டாக்டர் கொடுத்தது, நான் கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்தது. ஏன் என்பதும் சொன்னேன். மெடல், ஆணி, எல்லாம்.

அம்மா என் தலையில் கை வைத்தாள். எப்போது கடைசியாக வைத்தாள் என்று எனக்கு நினைவில்லை.

"நீ அந்தத் தாளக் குடுத்திருந்தா மட்டும் அவன் போயிருப்பானா? சொன்ன பேச்சக் கேக்கற புள்ளையா அவன்? நான் பெத்ததுல, போன்னா போற புள்ள, வான்னா வர்ற புள்ள நீ ஒருத்திதான். உன்ன மாதிரி அவன் இருந்திருந்தா இது வந்திருக்குமா?"

ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக அம்மா வாயிலிருந்து கேட்கிறேன் தம்பி. 'உன்னை மாதிரி அவன் இல்லை.' இந்த ஒரு வார்த்தைக்காக நான் என்னென்ன செய்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். சும்மா இருந்திருந்தால் போதும். அம்மா முடித்துவிட்டாள், கை தலையில்தான் இருக்கிறது. உனக்கும் தெரியப் போவதில்லை.

"இல்லம்மா. அவன் கேட்டான். டாக்டர் ஏதாவது சொன்னாங்களான்னு எழுதிக் கேட்டான். சொன்னா போறேன்னு எழுதினான். நான் இல்லன்னு எழுதிட்டேன்."

கையை எடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து இன்றுவரை என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் மாமாவிடம்தான் கேட்கிறாள். மாமா நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று அவர் மூலமாக ஒரு செய்தி வந்தது. அடுத்த வியாழக்கிழமை அம்மாவும் வருகிறாளாம். நான் வருவதானால் வரலாமாம், ஆனால் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார மாட்டாளாம்.

இரண்டு பேரும் வருகிறோம். தனித்தனியாக.

உன் அக்கா